11-ஆம் நூற்றாண்டுப் போர் விளையாட்டு: படை மோதல் விதிகளை எப்படி அமைப்பது?

பாசறை · பதிவு 1

பிரவுசர்ல ஓடுற மல்டிபிளேயர் வியூக விளையாட்டு ஒன்னு கட்டிக்கிட்டு இருக்கோம். களம் சோழர், மேலைச் சாளுக்கியர் எல்லை. சர்வருக்கு 40 பேர், அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், 10 நிமிஷத்துக்கு ஒரு டிக் (சர்வர் எல்லாரோட ஆணையையும் ஒரு தடவை கணக்குப் போடுற நேரம்). படையோட சின்ன அலகு "அணி". ஒரு அணிக்கு 100 ஆள், யானை அணின்னா 10 யானை. வேல், வாள், வில், குதிரை, யானைன்னு அஞ்சு வகை.

இப்ப இருக்கிற விதி ரொம்ப எளிசு. ரெண்டு பக்கமும் அணிகளோட பலத்தைக் கூட்டுறோம், ஒவ்வொரு பக்கத்தையும் 0.75-க்கும் 1.25-க்கும் நடுவுல ஒரு ரேண்டம் எண்ணால பெருக்குறோம், பெரிய எண் ஜெயிக்கும். தோத்த படை மொத்தமும் அழிஞ்சிடும்.

டெஸ்ட்ல என்ன ஆகுதுன்னா, எல்லாரும் மொத்தப் படையையும் ஒரே கட்டத்துல குவிச்சு ஊர் ஊரா உருட்டிக்கிட்டுப் போறாங்க. தூங்கப் போனவர் காலையில எழுந்தா ராஜ்ஜியமே இல்ல. பணம் சேர்ந்ததும் யானையைத் தவிர வேற எதையும் யாரும் வாங்குறதில்ல. ஃபார்முலாவை மாத்தினாப் போதுமா, அடித்தளத்தையே மாத்தணுமா?

கணக்குப்பிள்ளை · பதிவு 2

முதலில் ஃபார்முலா. ஆங்கிலேயப் பொறியாளர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1916-இல் எழுதி வைத்த இரண்டு விதிகள்தான் இதற்கு அடிப்படை. ஒருவனுக்கு ஒருவன் என்று கைகலக்கும் சண்டையில் இழப்பு நேர்கோட்டு விதிப்படி போகும்: 100 பேரும் 80 பேரும் மோதினால் 20 பேர் மிஞ்சுவார்கள். எல்லோரும் எல்லோரையும் குறிவைக்க முடிகிற தொலைதூரச் சண்டையில் வர்க்க விதி: 100-இன் வர்க்கத்திலிருந்து 80-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள், 60 பேர் மிஞ்சுவார்கள். வர்க்கம் என்பது அடுக்கு 2; அந்த அடுக்கை 1.5 என்று வைத்தால் 43 பேர்.

குவியல் பிரச்சினைக்கு இதில் பாதி விடை இருக்கிறது. வர்க்க விதியில் 100 பேர் கொண்ட படை, தனித்தனியாக வரும் 60, 60 பேரை எதிர்கொள்ளட்டும். முதல் சண்டையில் 80 மிஞ்சும், இரண்டாவதில் சுமார் 53 மிஞ்சும். அதே 120 பேர் சேர்ந்து வந்திருந்தால் 100 பேரும் காலி. ஆக, வர்க்க விதி குவிப்பவனுக்கு வெகுமதி கொடுக்கிறது. நேர்கோட்டு விதியில் அந்த வெகுமதி கிடையாது; பிரிந்து வந்தாலும் சேர்ந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான். ட்ராவியன் என்ற பிரவுசர் விளையாட்டில் 1.5 அடுக்கை அடிப்படையாக வைக்கிறார்கள். சரியாகச் சொன்னால் அது வேறு வடிவம்: தோற்றவர் பலத்தை வென்றவர் பலத்தால் வகுத்து 1.5 அடுக்குக்கு உயர்த்தினால் வென்றவரின் இழப்பு விகிதம் வரும். 100-க்கு 80 என்றால் இழப்பு சுமார் 72 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "1.5 வைத்தோம், எண் ஒத்துவரவில்லை" என்பவர்கள் நிறைய.

உங்கள் விதியில் இன்னொரு பெரிய ஓட்டை அந்த ரேண்டம். இரண்டு பக்கமும் தனித்தனியாக உருட்டினால் 1.25-ஐ 0.75-ஆல் வகுக்க 1.67 வருகிறது. அதாவது எதிரியின் பலத்தில் 61 சதவீதம்தான் இருந்தாலும் வெல்ல வாய்ப்பு உண்டு. ட்ரைபல் வார்ஸ் விளையாட்டிலும் 25 சதவீத அதிர்ஷ்டம் இருக்கிறது, ஆனால் ஒரு சண்டைக்கு ஒரே ஒரு எண்தான்.

அகழி · பதிவு 3

அடுக்கு 1-ஆ 2-வான்னு சண்டை போடுறதை விட்டுட்டு, ஒரே நேரத்துல எத்தனை அணி கை நீட்ட முடியும்னு பாருங்க. களத்துக்கு அகலம் வைங்க. சமவெளி 20, காடு 10, ஆற்றுக் கடவு 8, கணவாய் 6, உடைஞ்ச மதில் 4. அந்த எண்ணுக்கு மேல உள்ள அணிகள் முன்வரிசைக்கு வரமுடியாது; பின்னாடி நிக்கும். வில் மட்டும் ரெண்டாம் வரிசையில இருந்து அடிக்கலாம், பாதி பலத்தோட. 1297-ல ஸ்டர்லிங் பாலத்துல ஆங்கிலேயப் படை ஆள் கணக்குல தோக்கல. குறுகின மரப்பாலத்துல பாதிப் படை தாண்டும்போதே ஸ்காட்லாந்துக்காரங்க இறங்கிட்டாங்க. மீதிப் பாதி எதிர்க்கரையில நின்னு வேடிக்கை பார்த்துச்சு. உங்க கூட்டல் ஃபார்முலாவுல அந்த மீதிப் பாதியும் சண்டை போட்டிருக்கும்.

இதோட ஒரு லாபம், இடத்தைப் பொறுத்து லான்செஸ்டர் விதி தானா மாறும். சமவெளியில வர்க்க விதிப் பக்கம் சாயும், கணவாயில நேர்கோட்டுக்கு வந்துடும். அடுக்கை நீங்க எங்கயும் எழுத வேண்டியதில்ல.

குதிரைச்சேவகன் · பதிவு 4

அகலம் சரி, ஆனா அது மட்டும் இருந்தா கணவாயில 6 வேல் அணியை நிறுத்திட்டு ஒருத்தர் சர்வர் முடியறவரை உக்காந்துக்குவார். களைப்பும் பின்வாங்கலும் இல்லாம அகலம் விதியைச் சேர்க்காதீங்க.

அகழி · பதிவு 5

அதுக்குத்தான் வரேன். ஒவ்வொரு அணிக்கும் "உறுதி"ன்னு 100 புள்ளி. ஒரு டிக் ஒரு சுற்று. முன்வரிசையில நின்ன ஒவ்வொரு சுற்றுக்கும் களைப்புக்கு 4 புள்ளி போகும். ஆள் இழப்பு சதவீதம் பெருக்கல் 4 இன்னொரு கழிவு. 30-க்குக் கீழ போனா அணி உடைஞ்சு ஓடும். பின்வரிசைக்கு இழுத்துக்கிட்டா சுற்றுக்கு 8 திரும்பக் கிடைக்கும்.

சமபல எதிரி சுற்றுக்கு 3 பேரைக் கொல்றான்னு வைங்க. கழிவு 12 கூட்டல் 4, மொத்தம் 16. இப்ப கணவாயில 12 அணி காக்குது, 30 அணி தாக்குது. முதல் 6 அணி 4 சுற்று நிக்கும், உறுதி 36-க்கு வரும். அடுத்த 6 வந்து இன்னொரு 4 சுற்று. அதுக்குள்ள முதல் வரிசை 68-க்கு ஏறியிருக்கும். அது 2 சுற்று தாங்கும். அப்புறம் இரண்டாம் வரிசை 52-ல வந்து 1 சுற்று. திரும்ப முதல் வரிசை 44-ல வரும், அதே சுற்றுல 28-க்கு விழுந்து உடையும். 12-ஆவது சுற்று, அதாவது 2 மணி நேரம். எதிரிக்கு 5 வரிசை இருக்கு, அவன் எப்பவும் தெம்பாத்தான் வருவான். வரிசை மாத்துற சுற்றுல இழப்பு ஒன்றரை மடங்குன்னு வெச்சா இன்னும் சீக்கிரமே உடையும்.

அதே 12 அணி சமவெளியில நின்னா? எதிரி 20 அணியை விரிப்பான். ஒரு அணி மேல 1.67 அணியோட அடி, 5 பேர் சாவு, கழிவு 20 கூட்டல் 4. 76, 52, 28. மூணாவது சுற்றுல முடிஞ்சுது, அரை மணி நேரம். இடத்துக்கு இவ்வளவு வித்தியாசம் தெரிஞ்சா ஆட்டக்காரர் வரைபடத்தைப் பாக்க ஆரம்பிப்பார். ராத்திரித் தூக்கப் பிரச்சினைக்கும் இது உதவும். உடனே முடியற சண்டையில கூட்டாளி வந்து சேரவே முடியாது, 2 மணி நேரச் சண்டைக்கு வரலாம்.

பக்கவாட்டுக் கட்டத்துல இருந்து இன்னொரு படை வந்து சேர்ந்தா அகலம் ஒன்றரை மடங்கு, காக்குற பக்கம் ஓரத்துல நிக்கிற அணிகளுக்கு சுற்றுக்குக் கூடுதலா 10 கழிவு. கணவாயைச் சுத்திப் போக வழி தேடுறவனுக்கு அதுதான் கூலி.

கணக்குப்பிள்ளை · பதிவு 6

சுற்றுக்கு 3 பேர் என்பது நல்ல எண். அதை மேலே ஏற்றாதீர்கள். பலர் 10 அல்லது 15 வைத்துவிட்டு, படை உடையும் நேரத்தில் ஆளே மிஞ்சவில்லை என்று திகைப்பார்கள். பழைய போர்களில் பெரும்பகுதிச் சாவு நேர்மோதலில் நடக்கவில்லை, முதுகு காட்டி ஓடும்போதுதான் நடந்தது. மேலே உள்ள விதிப்படி சமபலச் சண்டையில் ஓய்வில்லாமல் நிற்கும் ஓர் அணி 15 பேரை இழந்ததும் உடைகிறது. மீதி 85 பேரின் கதி, துரத்துவதற்கு எதிரியிடம் குதிரை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சண்டையில் ஈடுபடாத ஒரு குதிரை அணி சுற்றுக்கு 10 பேரை வெட்டட்டும், அதிகபட்சம் 3 சுற்று. காலாள் துரத்தினால் 2 பேர் போதும். குதிரைக்கு இப்படி ஒரு தனி வேலை கிடைத்துவிட்டால், அதன் தாக்குதல் எண்ணை ஊதிப் பெருக்க வேண்டிய தேவை இருக்காது.

அந்த 3 எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். தாக்குதலிலிருந்து காப்பைக் கழிக்கும் முறையைத் தவிருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் அதுதான் முறை, குறைந்தபட்ச அடி 1. தனித்தனி வீரனை நகர்த்தும் விளையாட்டுக்கு அது பொருந்தும். மாதக்கணக்கில் மேம்படுத்திக்கொண்டே போகும் விளையாட்டில் முறிந்துவிடும். தாக்குதல் 10, காப்பு 4 என்றால் அடி 6. காப்பை 6 ஆக்கினால் 4, 8 ஆக்கினால் 2. அதே 2 புள்ளி முதல் முறை அடியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, அடுத்த முறை பாதியாக்கியது. கடைசிப் புள்ளிகள்தான் எல்லாவற்றையும் விட மதிப்புள்ளவை ஆகிவிடும், எல்லோரும் கவசத்திலேயே பணத்தைக் கொட்டுவார்கள்.

மாற்று: தாக்குதலை, தாக்குதலும் காப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து 6-ஆல் பெருக்குங்கள். வேலுக்குத் தாக்குதல் 10, காப்பு 14. வாளுக்கு 14, 10. வாள் வேலை அடித்தால் 14-ஐ 28-ஆல் வகுக்க அரை, ஆக 3 பேர். வேல் வாளை அடித்தாலும் 3 பேர். குதிரைக்கு 18, 10 கொடுங்கள்; குதிரையை எதிர்க்கும்போது வேலின் தாக்குதலை இரட்டிப்பாக்குங்கள். வேல் சுற்றுக்கு 4 பேரை வீழ்த்தும், குதிரை வேலில் 3.4 பேரை. அதே குதிரை வாள் அணி மேல் பாய்ந்தால் 3.9 வீழ்த்தி 3.5 இழக்கும். இடைவெளி சிறிதாகத் தெரியும். ஆனால் உறுதிக் கழிவு அதை 4 மடங்காக்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பாசறை · பதிவு 7

இது நல்லா புரியுது. யானையை என்ன பண்றது? விலையை ஏத்திப் பாத்தோம், பணக்காரர் மட்டும் வாங்குறார், இன்னும் மோசம்.

குதிரைச்சேவகன் · பதிவு 8

விலையில கை வைக்காதீங்க, தீனியில வைங்க. ஒரு யானைக்கு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீவனம். 10 யானை அணிக்கு ஒன்றரை டன். குதிரை அணிக்கு ஒரு டன் போடுங்க. சமவெளிக் கட்டம் ஒன்னு நாளைக்கு 10 டன் தரும், ஆற்றங்கரை 16, வறண்ட மேட்டு நிலம் 4-ன்னு வெச்சா 6 யானை அணிக்கு மேல ஒரே கட்டத்துல நிறுத்தினாலே தட்டுப்பாடு. தட்டுப்பாடு வந்த நாளுக்கு எல்லா அணிக்கும் உறுதி 15 கழியும். காலாளுக்குத் தலைக்கு ஒரு கிலோ தானியம், அணிக்கு 100 கிலோ, கிட்டத்தட்ட ஒரு பொதிமாட்டுச் சுமை. 100 அணியைக் குவிச்சவன் நாளைக்கு 100 பொதிமாட்டுச் சுமை கொண்டுவரணும், அந்த வண்டித் தொடரை நடுவழியில எதிரி மறிக்கலாம். முதல் பதிவுல சொன்ன உருட்டல் படைக்கு இதுதான் உண்மையான கடிவாளம்.

அடுத்தது மிரட்சி. யானைக்குத் தாக்குதல் 30, காப்பு 20, பலம் 100 புள்ளி. பக்கத்துல நிக்கிற எதிரிக் குதிரைக்கு முதல் சுற்றுலயே உறுதி 10 கழியும். அதுவரைக்கும் ராஜா. ஆனா வில் அணி யானை மேல இரட்டிப்பு அடி, யானை அணியோட பலம் 80-க்குக் கீழ போன ஒவ்வொரு சுற்றும் ஒரு பகடை. 1 விழுந்தா மிரளும். 60-க்குக் கீழன்னா 1, 2, 3 எது விழுந்தாலும். மிரண்டா இன்னொரு பகடை: 1-லேர்ந்து 3 வரை சொந்தப் படைக்குள்ள, 4, 5 பக்கவாட்டுல, 6 எதிரி மேல. மிதிபட்ட அணிக்கு 4 ஆளும் 25 உறுதியும் போகும்.

யானைக்குப் பின்னாடி ஒரு இடத்தைக் காலியா விட்டா மிரண்டது யாரையும் மிதிக்காம வெளியேறிடும்னு ஒரு விதி சேருங்க. ஆனா அந்தக் காலி இடமும் அகலக் கணக்குல சேரும். யானை வேணுமா, நெருக்கமான வரிசை வேணுமான்னு ஆட்டக்காரரே முடிவு பண்ணிக்கட்டும்.

அகழி · பதிவு 9

தலைவனைப் பத்தி யாரும் பேசல. இந்தக் காலகட்டத்துல அதை விட்டுட்டா களமே பொய்யாயிடும். 949-ல தக்கோலத்துல இராஜாதித்தன் யானை மேல இருந்தபடியே கொல்லப்பட்டதும் சோழப் படை சிதறிப் போச்சு. 1054-ல கொப்பத்துல இராஜாதிராஜனும் அதே மாதிரி யானை மேலதான் விழுந்தான், படையும் கலைய ஆரம்பிச்சுது. ஆனா அங்க தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்துலயே இருந்தான். ஓடுன படையைத் திருப்பிக் கொண்டாந்து ஜெயிச்சு, போர்க்களத்துலயே முடி சூடிக்கிட்டதா அவனோட மெய்க்கீர்த்தி சொல்லுது.

ரெண்டு போரும் சேர்ந்து ஒரு முழு விதியை எழுதிக் குடுக்குது. தலைவன் யானை மேல இருந்தா படை முழுக்க உறுதி 10 கூடும், ஏன்னா எல்லாருக்கும் தெரியறான். எதிரிக்கும் தெரியறான், அதனால அடிபடுற வாய்ப்பு குதிரை மேல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. அவன் விழுந்தா எல்லா அணிக்கும் 30 கழியும். ரெண்டாம் தலைவன்னு ஒரு இடம் வைங்க. அதுல ஆள் இருந்து, அடுத்த சுற்று வரைக்கும் அவன் நின்னான்னா கழிஞ்சதுல 20 திரும்ப வரும். ஆனா அவனை இங்க வெச்சா வேற படைக்கு அனுப்ப முடியாது. இளவரசனை எங்க வைக்கிறதுங்கிறதே ஒரு முடிவாயிடும்.

சர்வர்காரன் · பதிவு 10

விதிகள் அருமை. இதை நிரலாக எழுதும்போது எங்கே இடறும் என்று மட்டும் சொல்கிறேன்.

சுற்றின் தொடக்க நிலையை அப்படியே நகல் எடுத்து வையுங்கள். எல்லா அடியையும் அந்த நகலிலிருந்து கணக்கிட்டு, கடைசியில் ஒரே தடவையில் கழியுங்கள். அணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உடனுக்குடன் கழித்தால், பட்டியலில் முதலில் இருப்பவர் முதலில் அடிப்பார். ஆட்டக்காரர் எண் வரிசைப்படி பட்டியல் வந்தால், பழைய கணக்கு வைத்திருப்பவருக்கு நிரந்தரச் சாதகம்.

ஆள் எண்ணிக்கையை நூறில் ஒரு பங்காகச் சேமியுங்கள், முழு எண்ணாகவே. 100 ஆள் என்றால் 10,000. ஒவ்வொரு சுற்றிலும் முழு ஆளுக்கு வட்டமிட்டால், 7 ஆள் மிஞ்சிய படையின் இழப்பு 0.3 என்று வந்து பூஜ்யமாகிவிடும். அந்த 7 பேர் சாகவே மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்த ஆட்டக்காரர் துண்டுப் படைகளை அனுப்பியே எதிரியின் முன்வரிசையைக் களைக்க வைப்பார். 20 ஆளுக்குக் கீழே போன அணி முன்வரிசையில் நிற்க முடியாது என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேண்டம் விஷயத்தில் இரண்டு ஓரத்துக்கும் போகாதீர்கள். அணிக்கு ஒன்று, சுற்றுக்கு ஒன்று என்று உருட்டினால், 20 அணி 10 சுற்றில் 200 உருட்டல். ஒவ்வொன்றும் 20 சதவீத ஏற்ற இறக்கம் என்றாலும் சராசரியில் திட்ட விலக்கம் 0.8 சதவீதத்துக்கு வந்துவிடும். அதிர்ஷ்டம் இருக்கிறது என்பதே தெரியாது. இடம், நடு, வலம் என்று சிறகுக்கு ஒன்றாக உருட்டுங்கள். 10 சுற்றில் 30 உருட்டல், விலக்கம் 2.1 சதவீதம். ஒரு சிறகு ஓரிரு சுற்றில் சறுக்கும்போது உறுதி விதி அதைப் பெரிதாக்கிக் காட்டும். அந்த அளவு போதும். ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் விதையை (seed) சண்டை எண், டிக் எண், சர்வரின் ரகசியச் சாவி மூன்றிலிருந்தும் உருவாக்குங்கள். "சர்வர் ஏமாத்துது" என்று புகார் வந்தால் அதே சண்டையை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், முன்கூட்டி யாராலும் கணிக்கவும் முடியாது.

ஒரே டிக்கில் வந்து சேர்ந்த படைகளை, நொடி வித்தியாசம் எதுவானாலும், சேர்ந்தே வந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வலைவேகம் உள்ளவனுக்கே ராஜ்ஜியம்.

பாசறை · பதிவு 11

மூணு பேர் ஒரே கட்டத்துல மோதினா? இப்ப அது கிராஷ் ஆகுது, அதனால தடை பண்ணி வெச்சிருக்கோம்.

சர்வர்காரன் · பதிவு 12

ஒரு கட்டத்தில் இரண்டு பக்கம்தான். மூன்றாமவர் ஒரு பக்கத்தோடு பகையாகவும் மறுபக்கத்தோடு பகையில்லாமலும் இருந்தால் சேரலாம். இருவருடனும் பகை என்றால் ஓரத்தில் காத்திருக்க வேண்டும். சண்டை முடிந்ததும் மிஞ்சியவர் மேல் பாய்வதுதான் அவர் திட்டமாக இருக்கும். அதனால் வென்றவருக்கு உறுதி 20 திரும்பக் கொடுத்து, 3 டிக் இடைவெளியும் விடுங்கள். உடன்படிக்கை மாற்றம் 6 டிக் கழித்தே அமலுக்கு வரட்டும். நடுச்சண்டையில் கட்சி மாறும் குறும்பை அது தடுக்கும், துரோகத்தை முழுக்கத் தடுக்காது. தடுக்கவும் கூடாது, பாதிப் பேர் அதற்காகத்தானே விளையாட வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை · பதிவு 13

ஆட்களை உட்காரவைத்து டெஸ்ட் செய்யும் முன் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். முதலில் கண்ணாடிச் சோதனை: ஒரே மாதிரியான இரண்டு படை, ஒரே களம், 10,000 சண்டை. பக்கத்தை மாற்றி இன்னொரு 10,000. இரண்டு வெற்றி விகிதமும் 2 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் நிரலில் எங்கோ வரிசைக் கோளாறு, எண்களைத் தொடவே வேண்டாம். அது தேறியபின் சம செலவில் 5 வகையையும் ஒன்றோடொன்று மோதவிட்டு 25 கட்ட அட்டவணை போடுங்கள். எதிர்வகை 65 முதல் 70 சதவீதம் வெல்லலாம், மற்றவை 45-க்கும் 55-க்கும் இடையில். செலவு என்பதில் தீனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் விலையை மட்டும் வைத்துச் சமன் செய்தால் யானை மறுபடியும் தப்பித்துக்கொள்ளும். மூன்றாவது, 10 சதவீதம் ஆள் கூடுதலாக உள்ள பக்கம் சமவெளியில் எத்தனை முறை வெல்கிறது என்று பாருங்கள். 75 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 95 வந்தால் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை, 55 என்றால் படை திரட்டுவதில் பொருளில்லை.

பாசறை · பதிவு 14

கடைசியா ஒன்னு. ஆன்லைன்ல இல்லாதவர் படை உடையற வரைக்கும் நின்னு சாகுது. தானா பின்வாங்குற வசதி குடுத்தா யாருமே முழுசா சண்டை போடாம ஓடிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

குதிரைச்சேவகன் · பதிவு 15

பின்வாங்கறதுக்கு விலை வைங்க. சராசரி உறுதி 50-க்கு மேல இருந்தாத்தான் ஒழுங்கான பின்வாங்கல். அதுக்கு 5 அணிக்கு 1 அணி பின்காப்பா நிக்கணும், அந்த அணிகள் 2 சுற்று தனியா அடி வாங்கும். 50-க்குக் கீழ போயிட்டா ஒழுங்கெல்லாம் கிடையாது, ஓட்டம்தான், துரத்தல் விதி அப்படியே பொருந்தும். ஆள் ஆன்லைன்ல இல்லாதப்ப படை பின்பற்ற வேண்டிய நிலை ஆணையில மூணு தேர்வு போதும்: கடைசி வரை நில், உறுதி 60-க்கு வந்ததும் பக்கத்துக் கோட்டைக்குப் போ, எதிரி ரெண்டு மடங்குன்னா மோதாமலே விலகு. மூணாவது தேர்வு ஒற்றர் அறிக்கையை நம்பி வேலை செய்யட்டும், உண்மையான எண்ணை வெச்சு வேண்டாம். பொய்யா முகாம் நெருப்பு மூட்டி ஆளை அதிகமாக் காட்டுற விதியைப் பின்னாடி சேர்க்கணும்னு தோணினா அப்ப இடம் இருக்கும்.